இழுக்காத பிரேக்

விருதுநகர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், அப்பா இழுத்த ஹேண்ட் பிரேக் கையோடு வந்துவிட்டது.

எங்கள் பழைய அம்பாசடரில் ஹேண்ட் பிரேக் சீட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே குடைப்பிடி மாதிரி ஒன்று தொங்கும். இழுத்தால் பற்களில் மாட்டி நிற்கும், ஒரு திருப்புத் திருப்பினால் விட்டுவிடும். அப்பா அந்தப் பிடியையும், அதன் முனையில் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிய துருப்பிடித்த கம்பியையும் மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வரிசையில் நின்ற வேன் டிரைவர் சிரித்தார். வண்டி பார்க்கிற அதிகாரி சிரிக்கவில்லை. அவரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம்.

"இஞ்சின் நல்லா இருக்கு, லைட் நல்லா இருக்கு. ஆனா இது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றார். பதினைந்து நாள் கழித்து ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்.

காரின் ஆர்.சி. அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அது ரோட்டில் ஓட முடியாது. ஓடாத பழைய காருக்கு எங்கள் பக்கம் ஒரே வழிதான், சாத்தூர் பழைய இரும்புக் கடை. அந்தக் கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது முறை வந்தபோது பானெட்டைத் தட்டிப் பார்த்து, தகடு கெட்டி என்று பாராட்டினார். அன்றைக்கு அப்பா ராத்திரி சாப்பிடவில்லை.

திரும்பி வரும்போது சாத்தூரைத் தாண்டினோம். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "குடுத்துருவோம் பாப்பா" என்றார்.

அது ஒரு பட்டாசுக் கம்பெனியின் கார். சீசன் நேரத்தில் வடக்கேயிருந்து வரும் வியாபாரிகளை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவதும், சாம்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவதும் அதன் வேலை. அப்பா முதலில் அங்கே லோடு வேன் டிரைவர், பிறகு அந்தக் காருக்கு டிரைவர். கம்பெனி புதுக் கார் வாங்கியபோது முதலாளி இதை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் வலி எடுத்த பெண்களும் நெஞ்சைப் பிடித்த ஆண்களும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று அந்தக் காரின் பின்சீட்டில்தான் போய் இறங்கினேன். வாட்ச்மேன் யாரோ பெரிய வீட்டுப் பெண் என்று நினைத்து சல்யூட் அடித்தார். அப்பா பதிலுக்கு சல்யூட் அடித்துவிட்டார்.

"நான் சரி பண்ணித் தாரேன்" என்றேன்.

அப்பா ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். நம்பாத பார்வை என்று சொல்ல முடியாது. ஆனால் நம்புகிறவர் அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வண்டி நம்பர் படிக்கத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் ஆட்டோமொபைல் டிப்ளமா. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிரேக் பாடத்தின் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். இதை எழுதும்போது இப்போதும் முதுகு நிமிர்கிறது. ஆனால் விருதுநகரில் ஒரு கார் சர்வீஸ் கம்பெனியில் வேலை கிடைத்தபோது என்னைக் கண்ணாடிக்குப் பின்னால், ஏ.சி.யில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களிடம் குறை கேட்டு ஜாப் கார்டு எழுதவேண்டும். உள்ளே ஷெட்டுக்குப் போனால் ஹெட் மெக்கானிக் மரியாதையாக, "மேடம், கை அழுக்காயிரும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு வருடம் நான் ஸ்பேனரைத் தொடவில்லை. 'ஹேண்ட் பிரேக் டைட் செய்யவும்' என்று மட்டும் எத்தனை கார்டில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

அதனால்தான் முதல் தப்பு நடந்தது. கம்பி அறுந்திருக்கிறது, புதுக் கம்பி போட்டு டைட் செய்தால் தீர்ந்தது என்று நானே மனதுக்குள் ஒரு ஜாப் கார்டு எழுதிக்கொண்டேன். அந்தக் காருக்கான கேபிள் எந்தக் கடையிலும் இல்லை. அறுந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், டிராக்டருக்குக் கேபிள் செய்கிறவரிடம் அதே நீளத்துக்குச் செய்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை காருக்கடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். பட்டாசு வேலைக்குக் கிளம்புமுன் தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டு அத்தை குடத்தோடு நின்று குனிந்து பார்த்து, அம்புட்டுப் படிச்சது இப்படிக் கீழே கிடக்கத்தானா என்று கேட்டார். கிடக்கத் தெரிவதற்குத்தான் படித்தேன் என்றேன். அந்தப் பதிலில் எனக்கே பெருமை.

கேபிளை மாட்டி நட்டை முறுக்க முறுக்க, பிடி கல்லு மாதிரி இறுகியது. சமதரையில் கார் அசையவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்கு வெளியே கண்மாய்க்கரை ஏறும் சரிவில் காட்டுகிறேன் என்று அன்று சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சீசன் ஆகையால் ஞாயிறும் வேலை. பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதை மறைத்து என்ன பயன்?

அப்பா ஏற்றத்தில் நிறுத்தி, பிடியை இழுத்து, காலை எடுத்தார். கார் ஒரு விநாடி யோசித்தது. பிறகு பின்னோக்கி உருள ஆரம்பித்தது. அப்பா காலால் மிதித்து நிறுத்தினார். வேனிலிருந்து கடைசியாக இறங்கி வந்த அத்தை, இதற்காகவே காத்திருந்ததுபோலக் கேட்டார்:

"ஏ புள்ள, டிப்ளமாவுல ரிவர்ஸு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: முதலில் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக்கைச் சரிபார்க்கவேண்டும், கேபிளைக் கடைசியில்தான் தொடவேண்டும். முழு மதிப்பெண் வாங்கித் தந்த பாடம் அதுதான்.

அடுத்த ஞாயிறு பின்சக்கரங்களைக் கழற்றினேன். இப்போது பார்வையாளர்கள் வேண்டாம் என்று காரை வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வட்டமான இரும்பு மூடி, டிரம், துருவில் ஒட்டிப்போய்க் கழல மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு, சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்தேன். இரண்டாவது அடிக்கு ஓங்குவதற்குள் அன்று வேலைக்குப் போகாத அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரும்ப இரும்பால அடிக்காத."

அம்மா இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் பட்டாசு வேலை செய்கிறவள். வெடிமருந்து புழங்கும் அறையில் இரும்புக்கு இடமில்லை, ஒரு பொறி போதும். அந்தப் பயம் அவள் கையில் ஊறி வீடு வரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தோசைக்கல்லைச் சுரண்டுகிற சத்தம்கூடக் கேட்காது. இது கம்பெனி இல்லை, இங்கே மருந்து இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அம்மா காரின் பின்பக்கத்தைக் காட்டி, "டேங்கு அங்கனதான இருக்கு?" என்றாள். சுத்தியலைக் கீழே வைத்தேன். உள்ளே போய் ஒரு மரச்சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தாள். டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். அரைமணி நேரத்தில் அது அசைந்து கொடுத்தது. இரும்பால் அடித்திருந்தால் விரிசல் விட்டிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

உள்ளே பார்த்ததும் குழப்பமாக இருந்தது. கால் பிரேக் அழுத்தும் பக்கம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஹேண்ட் பிரேக் கம்பி இழுக்கும் சிறு நெம்புகோல் மட்டும் நட்டநடுவில் துருவோடு துருவாக இறுகிக்கிடந்தது. இழுபட்டு உரசிய தடம் எதுவும் அதில் இல்லை. எழுந்து போய், நான் மறுபடி மாட்டியிருந்த அந்தப் பிடியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் பற்கள் புதிய ரம்பத்தின் பற்கள் மாதிரி கூர்மையாக இருந்தன. நான் படித்ததெல்லாம் தேய்ந்து கெட்டுப்போகிற பொருள்களைப் பற்றி. இது தேயாமலே கெட்டது.

அப்பா டிக்கியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "இத நீங்க இழுத்ததே இல்லையாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் எங்கே வண்டியை நிறுத்தினாலும் டிக்கியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பார். ஓரமெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட கல். கல்யாண மண்டபத்து வாசலில்கூட அதைச் செய்வார். படிக்கிற காலத்தில் எனக்கு அது அவமானமாக இருந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக் கெட்டுப்போனதால் கல் வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். கல் வைத்ததால்தான் ஹேண்ட் பிரேக் கெட்டது என்பது இப்போது தெரிந்தது. படிக்காதவர்களின் பழக்கம் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

அம்மா நெம்புகோலை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொல்ல ஆரம்பித்தாள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அப்பா அப்போது லோடு வேன் டிரைவர். ஒரு மத்தியானம், வெடிகளைக் காயப்போட்டிருந்த களத்துக்குப் பக்கத்தில், பெட்டிகள் ஏற்றிய வேனை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். களத்தின் ஒரு மூலையில் புகை கிளம்பியது. பக்கத்து அறையிலிருந்த பெண்கள் வெளியே ஓடிவந்து, வேனை அங்கிருந்து தள்ளிவிடலாம் என்று கைவைத்தார்கள். வேன் அசையவில்லை. சாவியும் அதில் இல்லை. புகையைப் பார்த்து அப்பா ஓடிவந்து, அவர்களை விலக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மண்ணைப் போட்டுத் தீயை அணைத்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கதை அவ்வளவுதான் என்பதுபோல அம்மா நெம்புகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தள்ளியவர்களில் நீயும் இருந்தாயா என்று கேட்டேன்.

"பின்ன? வேலிப்பக்கம் ஓடியிருக்கலாம், வழி இருந்துச்சு. லோடு போயிருமேன்னு தள்ளிக்கிட்டே நின்னோம்."

தொட்டிப் பக்கமிருந்து அப்பா எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. என் பின்னால் நின்று பேசினார்.

"நான் ரூல் படிதான் செஞ்சேன் பாப்பா. டிரைவிங்ல சொல்லிக் குடுத்தபடி, பிரேக்க இழுத்து வச்சு, சாவிய எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் போனேன். ஓடியாந்து பாக்கேன், நான் இழுத்து வச்ச பிரேக்க எதுத்து ஒங்கம்மா தள்ளிக்கிட்டு நிக்கா."

அன்றிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போன நாள்வரை அவர் எந்த வண்டியிலும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. சாவி வண்டியிலேயே இருக்கும். முகப்பு வாசலைப் பார்த்து இருக்கும். வண்டி கியரில் இருக்காது. சக்கரத்துக்கு ஒரு கல் மட்டும், யாரும் காலால் எத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. பிறகு அந்தக் கம்பெனியில் எல்லா டிரைவர்களும் அப்படியே நிறுத்தத் தொடங்கினார்கள் என்று அம்மா சொன்னாள். யாரும் எழுதி ஒட்டவில்லை.

நான் உப்புத்தாளை எடுத்து நெம்புகோலைத் தேய்க்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் அப்பாவுக்குக் கூச்சமாகிவிடும். துரு போனதும் அடியில் நல்ல இரும்பு தெரிந்தது. திரும்பும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ் வைத்து, நெம்புகோல் விரலால் தள்ளினாலே ஆடும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு சக்கரத்துக்கும் அதே வேலை. டிரம்மை மாட்டி, சக்கரம் லேசாக உரசும்வரை முறுக்கி, ஒரு பல் பின்வாங்கி, எல்லாம் முடிந்தபிறகே கேபிளைத் தொட்டேன். இப்போது பிடி நாலாவது பல்லில் இதமாக நின்றது. கைகளில் நகக்கண்வரை கறுப்பு. அதைக் கழுவாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிகாலை, வேன் வருவதற்கு முன்பே, கண்மாய்க்கரைக்குப் போனோம். நான் இறங்கிக் காருக்குப் பின்னால் நின்றேன். அப்பா ஏற்றத்தில் நிறுத்தினார். பற்கள் ஏறும் சத்தம் கேட்டது. கார் நின்றது. அடுத்த நொடி சத்தம்போட்டுச் சிரித்திருப்பேன். ஆனால் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கால் பிரேக்கை மிதித்தால் எரியும் விளக்கு அது. அப்பா கையால் இழுத்துவிட்டார், காலை எடுக்கவில்லை.

காலை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்றார். விளக்கு எரிந்தது. மறுபடி சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "நீ பின்னால நிக்கியே" என்றார். நான் பக்கவாட்டில் விலகி நின்றபிறகும் எடுக்கவில்லை. போன வாரம் இதே ஏற்றத்தில் என் வேலையை நம்பித்தான் சட்டென்று காலை எடுத்தார், கார் உருண்டது. இப்போது வேலை சரியாக இருக்கிறது, அவர் கால் வரமாட்டேன் என்கிறது. இதற்கு என் நோட்டில் பாடம் எதுவும் இல்லை.

குறித்த தேதியில் மறுபடி விருதுநகர் போனோம். அம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். காரின் தலையெழுத்தை நேரில் பார்க்கவேண்டும் என்றாள். மைதானத்து ஓரத்தில் லைசென்ஸ் எடுப்பவர்களுக்காக ஒரு மேடு போட்டிருந்தார்கள். அதே இன்ஸ்பெக்டர். எங்களை நினைவிருந்தது அவருக்கு. பிடி இந்தத் தடவை கையோடு வராதல்லவா என்று கேட்டார். யார் வேலை செய்தது என்றும் கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். அவர் என் நகங்களைப் பார்த்துவிட்டு மேட்டைக் காட்டினார்.

அம்மாவும் நானும் இறங்கி நின்றோம். கார் மேட்டின் பாதியில் ஏறி நின்றது. கியரை எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பற்கள் ஏறின. அவர் காருக்குப் பின்னால் நடந்து போனார். விளக்கைப் பார்த்துவிட்டார்.

"காலை எடுங்க பெரியவரே."

விளக்கு எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தை ஒரு முறை பார்த்தார். எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் இனி அது என் கையில் இல்லை. கேபிளும் நெம்புகோலும் நான் செய்தது. அந்தக் காலை நான் எங்கே கழற்றி மாட்டுவது?

அம்மா மெதுவாக நடந்துபோய்க் காரின் பின்னால், சரியாக டிக்கிக்கு நேராக நின்றாள். இன்ஸ்பெக்டர் விலகச் சொன்னார். அவள் விலகவில்லை. குனிந்து டிக்கியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். தாங்கிப் பிடிக்கிற மாதிரியும் இருந்தது, தள்ளுகிற மாதிரியும் இருந்தது.

"எடுங்க. நான் நிக்கேன்ல, புள்ள செஞ்சது நிக்கும்" என்றாள்.

விளக்கு அணைந்தது.

கார் அசையவில்லை. இஞ்சின் ஓடும் அதிர்வு மட்டும் அம்மாவின் வளையல்களில் தெரிந்தது. இன்ஸ்பெக்டர், அம்மாவை முறைத்துவிட்டு, கையைக் காரிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அப்போதும் அசையவில்லை. அவர் காரின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இந்தம்மா மாதிரி இனி யாரும் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கக்கூடாது என்று வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

திரும்பும் வழியில் சாத்தூரில் டீ குடித்தோம். அப்பா காரை ஓரமாக, முகப்பு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார். கியரை எடுத்தார். சாவியை அப்படியே விட்டார். ஹேண்ட் பிரேக்கைத் தொடவில்லை. இறங்கி என்னைப் பார்த்தார். பதினைந்து நாள் நான் பட்ட பாடு அவருக்குத் தெரியும். கொஞ்சம் தயங்கி நின்றார்.

டிக்கியைத் திறந்து கல்லை எடுத்து நானே சக்கரத்துக்குக் கொடுத்தேன். எத்தினால் நகரும்படி, ரொம்ப இறுக்காமல். "ஆனா தினம் காலையில ஒருதரம் இழுத்து விட்ருங்கப்பா. இல்லைன்னா மறுபடி துருப்பிடிச்சுரும்" என்றேன்.

சரி என்றார். இப்போது தினம் காலையில், வாசலில் நிற்கிற காரிலிருந்து பற்கள் ஏறும் சத்தம் நாலு தரம் கேட்கும், உடனே விடுகிற சத்தமும் கேட்கும். நான் விருதுநகர் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம் அது. போன வாரம் ஹெட் மெக்கானிக்கிடம் போய், ஷெட்டுக்குள் எனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று கேட்டேன். கை அழுக்காகிவிடும் என்று அவர் ஆரம்பித்தார். இன்னும் போகாத கறுப்போடு என் நகங்களை மேஜைமேல் வைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.